ஊவாத் தேயிலையும் அதை வாங்குவோரும்



நாடு தன் பொருளை யாருக்கு விற்கிறது என்பதைக் கொழும்பில் பேசுவார்கள். பதுளையில் அந்தப் பேச்சு குறைவு. ‘சீமைக்குப் போகிற தேயிலை’ என்று நம் பாட்டன்மார் சொன்ன காலம் உண்டு. இன்று சீமைக்குப் போவது சொற்பம். ஈராக், ரஷ்யா, ஐக்கிய அரபு அமீரகம், துருக்கி, ஈரான், லிபியா என்ற திசைகளில்தான் நம் தேயிலை கப்பலேறுகிறது. வாங்குகிறவர் மாறி ஏறத்தாழ ஐம்பது ஆண்டாகிறது. அந்த மாற்றம் மாத்தறை, காலி, இரத்தினபுரி மாவட்டங்களின் கிராமங்களை உயர்த்தியது. ஊவாவை அப்படி உயர்த்தவில்லை. பயிர் ஒன்று, ஏலம் ஒன்று, துறைமுகமும் ஒன்று. பலன் மட்டும் ஏன் இடத்துக்கு இடம் வேறாயிற்று என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட கேள்வி. வெளிநாட்டுச் சந்தை மாறும்போது ஒரு பிரதேசம் எழுவதும் விழுவதும், விலை உயர்வு யார் வீட்டு வாசல்வரை வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்தது. அதை முடிவு செய்வது நிலம் யார் கையில் இருக்கிறது என்பது. இதுவே என் வாதம்.

ஊவா மாகாணம் தனியாகப் பிரிக்கப்பட்டது 1886இல். 1869இல் தென்பட்ட இலைத்துரு நோய் கோப்பியைக் கொன்று முடித்துக்கொண்டிருந்த காலம் அது. கோப்பி நின்ற சரிவுகளில் தேயிலை ஏறியது. கொழும்பில் முதல் தேயிலை ஏலம் நடந்தது 1883 ஜூலை 30ஆம் நாள். தோமஸ் லிப்டன் வந்து அப்புத்தளைப் பக்கம் தம்பேதென்னையை வாங்கியது 1890இல். அவர் விளைவித்ததும் விற்றதும் தன் நாட்டுக் கடைகளுக்காகவே. ரயில் பாதை 1894இல் பண்டாரவளைக்கு வந்தது; அங்கிருந்து பதுளைக்கு வந்து சேர இன்னும் முப்பது ஆண்டு பிடித்து 1924இல்தான் வண்டி ஓடியது. இன்று உல்லாசப் பயணிகள் படம் பிடிக்கும் ஒன்பது வளைவுப் பாலமும் தெமோதரை வளையமும் தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கக் கட்டியவை. பசறை, லுணுகலை, பிபிலை வழியாகக் கிழக்கே செங்கலடிக்கும் மட்டக்களப்புக்கும் போகும் பாதை இருந்தும், ஊவாவின் முகம் மேற்கே திருப்பப்பட்டது. வாங்கியவர், தோட்டத்துக்குச் சொந்தக்காரர், கப்பல்காரர், தரகர் எல்லோரும் பெரும்பாலும் இலண்டனில் இருந்தார்கள். இங்கே இருந்தது விளைச்சலும் உழைப்பும். அந்த வாடிக்கையாளர் போய்விட்டால் வேறொருவரைத் தேடுவதைத் தன் வேலையாகக் கொண்ட ஒருவரும் ஊவாவில் இருக்கவில்லை. பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

அந்த வாடிக்கையாளர் போகத்தான் செய்தார். ஆங்கிலேயர் பாலூற்றிக் குடிக்கும் தேநீருக்கு, வெந்நீர் பட்டவுடன் நிறம் இறங்கும் தூளைப் பையில் அடைத்து விற்பது வழக்கமானபோது, அதற்கு ஏற்ற நறுக்குத் தேயிலையை மலிவாகத் தந்தது கென்யா. புரூக் பொண்ட், ஃபின்லே போன்ற பிரித்தானிய நிறுவனங்கள் 1920களிலேயே அங்கே கால் பதித்துவிட்டன. அதன் பின் நம் தேயிலையை வாங்க வந்த நாடுகளின் கதையையும் கவனிக்க வேண்டும். 1971இல் கிழக்குப் பாகிஸ்தான் பிரிந்து வங்கதேசமானபோது, தன் சொந்தத் தேயிலைத் தோட்டங்களை இழந்த பாகிஸ்தான் இலங்கையிடம் பெருமளவில் வாங்கியது. பிற்பாடு அதுவும் கென்யாவின் பக்கம் சாய்ந்தது. 2005இல் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை நடைமுறைக்கு வந்து, குறித்த அளவு தேயிலைக்குத் தீர்வை விலக்குக் கிடைத்தும் பழைய சந்தை திரும்பவில்லை. எகிப்தும் இப்படியே; 1998இல் ஆபிரிக்க நாடுகளின் பொதுச்சந்தையில் அது சேர்ந்தபின் கென்யாத் தேயிலை தீர்வையின்றி உள்ளே போயிற்று, நம்முடையது வெளியே நின்றது. 1998 ஜூனில் இலண்டன் ஏலமே மூடப்பட்டது. இந்த மாற்றங்களில் ஒன்றுகூடப் பதுளையில் எடுத்த முடிவால் வந்ததில்லை.

மேற்காசியாவும் ரஷ்யாவும் வந்தபோது மாறியது வாங்கும் ஊர் மட்டுமல்ல, குடிக்கும் முறையும் மாறியது. பக்தாதிலும் இஸ்தான்புல்லிலும் தேநீரைச் சிறிய கண்ணாடிக் குவளையில், பாலின்றி, சீனி சேர்த்துக் குடிப்பார்கள். அங்கே கடையில் தேயிலையைக் கையில் அள்ளிப் பார்த்து வாங்குவார்கள். இலை கறுப்பாக, நீளமாக, நன்றாக முறுகியிருக்க வேண்டும். சாயம் அடர்த்தியாக இறங்க வேண்டும். அப்படிப்பட்ட இலை, கடல் மட்டத்திலிருந்து 2,000 அடிக்குக் கீழே, வெப்பமும் மழையும் கூடிய தாழ்நிலத்தில்தான் சிறப்பாக வரும். அப்புத்தளையில் விளையும் இலையின் பெருமை வேறு: வெளிறிய செம்மஞ்சள் சாயம், நாவைக் கவ்வும் கூர்மை, மணம். இலண்டன் தரகர் நாவில் வைத்துப் பார்த்து மதித்த குணங்கள் இவை. குவளைக்கு மதிப்பிருந்த காலத்தில் மலைத் தேயிலை மேலே நின்றது. இலைக்கு மதிப்பு வந்தபோது தாழ்நிலத் தேயிலை மேலே போயிற்று. இன்று இலங்கையின் தேயிலையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு தாழ்நிலத்திலிருந்து வருகிறது. கொழும்பு ஏலத்தில் சராசரி விலையிலும் அதுவே பெரும்பாலும் முந்தி நிற்கிறது. ஒரு காலத்தில் இதைச் சொல்லியிருந்தால் எந்தத் துரையும் நம்பியிருக்க மாட்டார். பசறை, ஹாலிஎல போன்ற இடைநிலத் தோட்டங்களுக்கு அடி இன்னும் பலமாக விழுந்தது. உயரத்தின் மணமும் முழுதாக இல்லை, தாழ்நிலத்தின் கறுத்த இலையும் இல்லை.

இங்கே ஒருவர், ‘அப்படியானால் இது மண்ணும் மழையும் செய்த வேலை, நில உரிமையை ஏன் இழுக்கிறீர்கள்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, பொருளியலாளர் பலரும் கேட்பது. பதில் இரத்தினபுரியில் இருக்கிறது. அங்கே தாழ்நிலத் தேயிலை விளையும் ஒரே மலையடிவாரத்தில் இருவகை மக்கள் வாழ்கிறார்கள். ஒருவர் அரை ஏக்கரோ ஓர் ஏக்கரோ சொந்தமாக வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர். மற்றவர் பெருந்தோட்ட லயத்தில் இருக்கும் தொழிலாளி. மண் ஒன்று, மழை ஒன்று, வாங்கும் நாடும் ஒன்று. சிறுதோட்டக்காரர் தம் பச்சைக் கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொடுக்கிறார்; ஏலத்தில் கிடைக்கும் நிகர விலையில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு என்பது அரசு வகுத்த கணக்கு. பக்தாதில் விலை ஏறினால் அந்த வீட்டில் ஓடு மாறுகிறது, பிள்ளை வகுப்புக்குப் போகிறது. லயத்தில் இருப்பவருக்கு அதே நாளில் வந்து சேர்வது அதே நாட்சம்பளம். இயற்கை கொடுத்த வாய்ப்பும் நிலமில்லாதவர் வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை.

இந்த வேறுபாட்டை 2022 வெளிச்சம் போட்டுக் காட்டியது. டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயை எட்டியது. கொழும்பு ஏலத்தில் கிலோவின் ரூபாய் விலை முந்தைய ஆண்டின் விலையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கானது. பச்சைக் கொழுந்து விற்றவருக்கு அதில் பங்கு வந்தது. உரத்தடையும் உர விலையும் அவரை வாட்டியது உண்மைதான், ஆனாலும் விலை வந்து சேர்ந்தது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளமோ 2021இல் நெடிய போராட்டத்தின் பின் கிடைத்த 1,000 ரூபாயிலேயே நின்றது. 1,350 ரூபாயாக உயர 2024 செப்டெம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில், 2022 செப்டெம்பரில், கொழும்புக் கணக்கின்படி உணவு விலை ஓராண்டில் ஏறத்தாழ 95 வீதம் ஏறியிருந்தது. கணக்கப்பிள்ளையின் தராசில் கொழுந்தைக் கொட்டும் பெண்ணுக்கு நாளுக்குப் பறிக்க வேண்டிய ‘நோம்ஸ்’ எத்தனை கிலோ என்பது தெரியும், குறைந்தால் அரைநாட் சம்பளமான ‘அரைப்பேர்’ விழும் என்பது தெரியும். அந்தக் கொழுந்து ஏலத்தில் என்ன விலைக்குப் போயிற்று என்பதை அவரிடம் சொல்லும் ஏற்பாடு கிடையாது.

தோட்டத் தொழிலாளர்களான மலையகத் தமிழர் கையில் நிலம் இல்லாமற்போனது தற்செயலாக நேர்ந்ததில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்து எழுதியது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்தபோது, நிலம் கேட்கும் வரிசையில் நிற்க இவர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமையே இல்லை. சரியாக அதே 1975இல்தான் சிறுதோட்ட அபிவிருத்திக்கென அதிகாரசபை ஒன்றைச் சட்டம் உருவாக்கியது. நாற்று, மானியம், ஆலோசனை எல்லாம் நிலமுள்ளவருக்குப் போயின. மேற்காசியச் சந்தை விரிந்தது அந்த ஆண்டுகளில். சந்தை வாசலைத் திறந்தபோது தெற்கின் விவசாயி காணி உறுதியோடு நின்றார். மலையகத்தவர் 1973-74 பஞ்சத்தில் தோட்டங்களில் சாவு பெருகியதைப் பார்த்துவிட்டு, தலைமன்னாருக்குப் பயணச்சீட்டு எடுத்துக்கொண்டிருந்தார். குடியுரிமைப் பிரச்சினை முழுதாகத் தீர 2003 ஆனது. அதற்குள் தாழ்நிலம் முந்திப் போய்விட்டது.

இரண்டாவது எதிர்வாதம் தோட்டங்களைத் தேசியமயமாக்கியது பற்றியது. அரசு 1975இல் நிறுவனத் தோட்டங்களை எடுத்ததாலும், ஜனவசமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அரசியல் நியமனங்களால் நட்டத்தில் ஓடியதாலும்தான் மலை வீழ்ந்தது, சந்தைமாற்றம் காரணமல்ல என்பார்கள். நிர்வாகச் சீர்கேடு நடந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் காலவரிசை இந்த வாதத்துக்கு முழுதாக இடம் தரவில்லை. நிலத்தை எடுப்பார்கள் என்ற அச்சத்திலும் கென்யா லாபமானது என்ற கணக்கிலும் பழைய கம்பனிகள் மீள்நடுகைக்குச் செலவிடுவதை முன்பே குறைத்துவிட்டன. 1992இல் தோட்டங்கள் மீண்டும் தனியார் நிர்வாகத்துக்குப் போயின. அதன் பின் முப்பது ஆண்டு கடந்தும் ஊவாவின் பல மலைகளில் நூறாண்டு கண்ட நாற்றுத் தேயிலை நிற்கிறது, கவ்வாத்து வெட்டிய செடிகளுக்கு நடுவே வெற்றிடம் தெரிகிறது. துரை மாறினார், கம்பனி மாறியது, அரசு வந்து போயிற்று. லயத்துக்கும் தராசுக்கும் இடையிலான உறவு மட்டும் அப்படியே இருந்தது. மாறாத அந்த ஒன்றில்தான் காரணத்தைத் தேட வேண்டும்.

மூன்றாவது வாதம் சற்று நுட்பமானது. ஒரே இலண்டனை நம்பியிருந்ததை விடப் பத்து நாடுகளுக்கு விற்பது பாதுகாப்பு, ஆகவே நாடு முன்னேறியிருக்கிறது என்பது. நாட்டளவில் இதில் உண்மை உண்டு. 1990இல் குவைத் போரை ஒட்டி ஈராக்கின் வாசல் மூடியது. சோவியத் ஒன்றியம் கலைந்தபின் ரஷ்யா பெரும் வாடிக்கையாளராகி இடத்தை நிரப்பியது. 1998இல் ரூபிள் சரிந்தபோது கொழும்பில் விலை விழுந்தது, மேற்காசியா தாங்கிப் பிடித்தது. 2017 டிசம்பரில் சரக்கில் ஒரு வண்டு அகப்பட்டதென்று ரஷ்யா நம் தேயிலைக்குத் தடை விதித்து, சில நாட்களில் விலக்கிக்கொண்டது. ஈரானிடம் எண்ணெய் வாங்கிய வகையில் 25 கோடி டொலர் கடன் இருக்க, அதைத் தேயிலையாகக் கழிப்பது என்று 2021 டிசம்பரில் ஒப்பந்தமாகி 2023இல் நடைமுறைக்கு வந்தது. கொழும்பில் இவற்றை ஒன்றோடொன்று தட்டிக் கழித்துச் சராசரி எடுக்கலாம். மாகாணத்துக்குச் சராசரி கிடையாது. இந்த வாடிக்கையாளர் அனைவரும் விரும்புவது ஏறத்தாழ ஒரே வகை இலையை. அது தாழ்நிலத்தின் இலை. நாடு பன்முகப்படும்போது ஊவா இன்னும் ஒதுங்கிப் போகலாம் என்பதைத்தான் இந்த அரை நூற்றாண்டு காட்டுகிறது.

ஊவாவுக்கு விற்கத் தனியாக ஒன்றுமே இல்லையா என்றால், உண்டு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலைத்தொடரைத் தாண்டி இந்தப் பக்கம் வறண்டு இறங்கும் கச்சான் காற்று, கொழுந்தின் வளர்ச்சியை இறுக்கி, புதினாவும் தைலமும் கலந்தாற்போன்ற ஒரு வாசத்தை ஏற்றிவிடுகிறது. அந்தச் சில வாரங்களின் இலைக்கு ஜப்பானிலும் ஜேர்மனியிலும் தனி விலை. ஜப்பானியர் உலகின் மூன்று பெருந்தேயிலைகள் என்று டார்ஜிலிங்கையும் சீனத்தின் கீமுனையும் சொல்லும்போது மூன்றாவதாகச் சொல்லும் பெயர் ஊவா. இப்படிப்பட்ட ஒரு பெயரை எவ்வளவு கவலையின்றிக் கையாண்டோம் என்பதற்கு ஒரு சான்று: 2015இல் கிளைபோசேற்றைத் தடை செய்தபோது மாற்று ஏற்பாடு இல்லாமல் வேறு களைகொல்லிகள் தோட்டங்களில் புழங்கின, அவற்றின் எச்சம் தேயிலையில் இருப்பதாக ஜப்பான் முறையிட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையைத் தளர்த்தினார்கள். கொழும்பில் எடுத்த முடிவின் விலையை, தனக்கென்றே இருக்கும் நல்ல சந்தை ஒன்றில் ஊவா கொடுத்தது. இலங்கைக் கறுவா 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டைப் பெற்றது. அது கரையோரத்தின் பயிர். ஊவா என்ற பெயருக்கும் அப்படியொரு காவல் வேண்டும். அந்தப் பெயரால் வரும் மேலதிக விலையில் ஒரு பங்கு இந்த மாகாணத்துக்கு வர வேண்டும்.

வெளிநாட்டு உடன்படிக்கை ஒன்றின் பயனைப் பயிர் விளையும் பிரதேசத்தோடு கட்டிப்போட்ட முன்னுதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. 1952இல் சீனாவுடன் செய்த இறப்பர் – அரிசி ஒப்பந்தத்தில், உலக விலைக்கு மேலாக இறப்பருக்கு விலை கிடைத்தது. அமெரிக்காவின் அதிருப்தியைத் தாங்கிக்கொண்டு செய்த ஒப்பந்தம் அது. அதன் மறு ஆண்டே, 1953இல், இறப்பர் மீள்நடுகை மானியச் சட்டம் வந்தது. 1957இல் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது மீள்நடுகைக்கென்றே சீன உதவி கிடைத்தது. களுத்துறையிலும் கேகாலையிலும் சிறு நிலக்காரர் பழைய மரத்தை வெட்டிப் புது மரம் வைத்தார்கள். புதிய வாடிக்கையாளரின் பணம் பயிரின் அடிவேருக்குப் போயிற்று. எண்ணெய்க் கடனுக்குத் தேயிலை கொடுத்தபோது, ஊவாவின் ஓர் ஏக்கரை மீள நடுவதற்கென்று அதில் ஒரு வரி எழுதியிருக்கலாம். ஒருவரும் எழுதவில்லை.

இதற்கிடையில் மக்கள் தாங்களே ஒரு சந்தைமாற்றத்தைச் செய்துகொண்டார்கள். ஊவாத் தோட்டங்களின் இளைஞர் கொழும்பின் கடைகளுக்கும், பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வளைகுடா வீடுகளுக்கும் போகிறார்கள். 2024இல் நாட்டின் தேயிலை ஏற்றுமதி வருமானம் 140 கோடி டொலருக்குச் சற்று மேல். வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பியது 650 கோடி டொலருக்கு மேல். தாயின் கொழுந்தை வாங்கும் அதே நாடுகளில் மகளின் உழைப்பும் விற்பனையாகிறது. தொழிலாளர் கிடைக்கவில்லை என்று கம்பனிகள் சொல்வது பொய்யல்ல. நிலத்திலும் விலையிலும் பங்கில்லாத இடத்தில் பிள்ளைகள் நிற்கமாட்டார்கள். 2019ஆம் ஆண்டுக் கணக்கில் நாட்டின் வறுமை 14.3 வீதமாக இருக்கத் தோட்டப்புறத்தில் அது 33.8 வீதம். வெலிமடையின் கிழங்கு விவசாயி 1967இல் வந்த இறக்குமதித் தடையால் எழுந்து, 1996இல் அது தளர்ந்தபோது அடிபட்டார்; ஆனாலும் நிலம் தம்முடையதாக இருந்ததால் கரட்டுக்கும் போஞ்சிக்கும் மாறிப் பிழைத்தார். தோட்டத் தொழிலாளிக்கு மாறுவதற்கு இருக்கும் ஒரே வழி பஸ் ஏறுவது.

ஏழு பேர்ச்சஸ், பத்து பேர்ச்சஸ் என்று வீட்டுக்கு நிலம் கொடுக்கும் பேச்சு பல ஆண்டாக நடக்கிறது. தனி வீடு வேண்டும். 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடிய மாவட்டத்தில் அதை மறுக்க ஒருவருக்கும் மனம் வராது. என்றாலும் வீட்டு நிலம் விலையைக் கொண்டுவராது. பயிர் நிலம்தான் கொண்டுவரும். கைவிட்டுக் காடாகும் தேயிலையைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு நீண்டகால உரிமையில் கொடுத்து, சிறுதோட்டக்காரருக்கு உள்ள அதே 68 வீதக் கணக்கையும் அதே மானியத்தையும் அவர்களுக்கு நீட்டலாம். புதுச் சட்டம் தேடிப் போக வேண்டியதில்லை. இருக்கிற சட்டத்தின் கதவை இவர்களுக்கும் திறந்தால் போதும். சில கம்பனிகள் செடிகளைப் பிரித்துக் கொடுத்து வருமானத்தைப் பகிரும் முறையைச் செய்து பார்த்திருக்கின்றன. உரிமை எழுத்தில் இல்லாதவரை அது கொந்தரப்பு வேலையின் இன்னொரு பெயராகவே இருக்கும். இதைக் கேட்டு வாங்க வேண்டிய ஊவா மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 செப்டெம்பரில். 2019இல் அதன் காலம் முடிந்தது. வர்த்தக உடன்படிக்கைகள் பேசப்படும் மேசையில் ஊவாவுக்கு நாற்காலி இல்லை, சொந்த மாகாணத்திலும் இல்லை.

அதுவரை செலவில்லாமல் செய்யக்கூடிய ஒரு காரியத்தை இந்த மன்றத்தின் முன் வைக்கிறேன். கொழும்பு ஏலம் வாரந்தோறும் நடக்கிறது; விலைகள் அச்சாகி வெளியாகின்றன. ஊவாவின் ஒவ்வொரு தோட்டத்திலும், கொழுந்து நிறுக்கும் இடத்தில், அந்தத் தோட்டத்தின் தேயிலை அந்த வாரம் கிலோ என்ன விலைக்குப் போயிற்று, எந்த நாட்டவர் அதிகம் வாங்கினார்கள் என்பதைத் தமிழில் ஒரு கரும்பலகையில் எழுதி வைக்கச் செய்யுங்கள். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்கள் இதைத் தொடங்கலாம், தொழிற்சங்கங்கள் கேட்கலாம், தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் அந்த எண்ணைப் பிள்ளைகளுக்குக் கணக்காகப் போட்டுக் கொடுக்கலாம். அடுத்த வாரமே தொடங்குங்கள்.